டிசம்பர் விடுமுறையும் ஏரிச்சாலைக் குதிரை வீடுகளும்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: கொடைக்கானல் நகராட்சி, கால்நடை பராமரிப்புத் துறை, சுற்றுலாத் துறை, போக்குவரத்துக் காவல் ஆகியவற்றின் பொறுப்பில் இருப்பவர்கள்

அன்புடையீர், வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடும் நாளில் தொடங்கி, பொங்கல் விடுமுறை கழியும்வரை ஏரிச்சாலையில் கூட்டம் குறைவதில்லை. அந்த மூன்று வாரமும் குதிரை வைத்திருக்கும் வீடுகளில் வேலை இரண்டு மடங்கு. கூட்டத்தை எப்படி நடத்துவது, வண்டிகளை எங்கே நிறுத்துவது, குப்பையை எப்படி அள்ளுவது என்று நீங்கள் திட்டமிடும்போது இன்னொன்றையும் கணக்கில் சேர்க்கக் கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். குதிரையின் வயிறும் முதுகும் குளம்பும் எந்த நேரத்தில் எதைக் கேட்கின்றனவோ, அதை வைத்தே அந்த வீட்டில் எல்லாருடைய நாளும் ஓடுகிறது. சமைக்கும் நேரம், தூங்கும் நேரம், கோவிலுக்கோ சர்ச்சுக்கோ போகும் நேரம், பிள்ளைகள் விளையாடும் நேரம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். உங்கள் ஏற்பாடுகள் அந்தக் கணக்கோடு ஒத்துப் போனால் குதிரையும் பிழைக்கும், வீட்டாருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

டிசம்பர் கடைசியில் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஏரியை ஒட்டிய பள்ளங்களில் புல்லின்மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில் விடிகாலை நாலரைக்கு எரியும் முதல் அடுப்பு குதிரைக்கானது. முந்தின இரவே ஊறவைத்த கொள்ளை விரலால் நசுங்கும் பதத்துக்கு வேகவிட வேண்டும். சரியாக ஊறாத கொள்ளை அவசரத்தில் அள்ளி வைத்தால், பசியோடு விழுங்கும் குதிரைக்குத் தொண்டையில் அடைக்கும். வேலை செய்யும் மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ கொள்ளு, ஒரு கிலோ தவிடு, 25 கிராம் உப்பு என்று வைத்து, அதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. ஆனால் இவையெல்லாம் மேல்தீனிதான். குதிரையைக் காப்பது புல்லும் உலர்தீவனமும். 250 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்ந்த கணக்கில் நாளுக்கு 5 கிலோ வேண்டும். குளிர் கூடும்போது கூடுதலாகக் கொடுக்க வேண்டியதும் இதைத்தான், கொள்ளை அல்ல. நார்த்தீனி பெருங்குடலில் நொதிக்கும்போது உடம்புக்குச் சூடு கிடைக்கிறது. “குளிருதே பாவம்” என்று கொள்ளையும் அரிசிக் கஞ்சியையும் கூட்டினால் குடல் புளித்து, அதன் விஷம் குளம்புக்குள் இருக்கும் சதையில் வீக்கமாக இறங்கும். அப்படி ஒருமுறை நொண்டிய குதிரை பழைய நடைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சில குதிரைகள் திரும்புவதே இல்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் வரும் வயிற்றுச் சூலைக்கு முக்கியமான காரணம் அதுதான். வேலை செய்யும் மட்டக்குதிரைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் வேண்டும். விடியற்காலைக் குழாய்த்தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சியில் இருக்கும். குதிரை இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்ளும். உள்ளே போன காய்ந்த தீவனம் ஈரமில்லாமல் பெருங்குடலின் வளைவில் கெட்டித்து அடைத்துக்கொள்ளும். வாளித் தண்ணீரில் ஒரு சொம்பு வெந்நீர் கலந்து, கை வைத்தால் குளிராத அளவுக்குக் கொண்டுவந்தால் அதே குதிரை அரை வாளி குடிக்கும். சொல்லும்போது சின்ன வேலைதான். நாலு குதிரை உள்ள வீட்டில் காலையும் மாலையும் இதைச் செய்யும் பெண்ணுக்கு, விறகு பொறுக்குவதில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது.

குதிரை காலை ஏழு மணிக்கு ஏரிச்சாலைக்கு வந்தபின் என்ன ஆகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. சாலையோரத்தில் நான்கைந்து இடங்களில் தண்ணீர்க் குழாய் வேண்டும். தொட்டி வேண்டாம். நல்ல எண்ணத்தில் கட்டப்படும் பொதுத் தொட்டிதான் நோய் பரவ ஏற்ற இடம். சீழ்க்கட்டியோடு வரும் குதிரைச் சளிநோயும், மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோயும் மூக்குச்சளி கலந்த தண்ணீர் வழியே ஒரே நாளில் பல குதிரைகளுக்குப் போகும். குழாயும், அதன் கீழே வடிகாலும் இருந்தால் போதும். அவரவர் வாளியை அவரவர் கொண்டுவரலாம். வாளியில் குதிரையின் எண்ணை எழுதி வைப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

தீனி வைப்பதிலும் இதுபோல ஒரு சிக்கல். சாலையில் புல்லைப் போட்டால் குப்பை, போடாவிட்டால் குதிரை காலையிலிருந்து மாலைவரை வெறும் வயிற்றோடு நிற்கும். இயல்பில் ஒரு நாளில் பதினாறு மணி நேரம் மேயும் பிராணி அது. அதன் இரைப்பையில் அமிலம் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருந்தால் புண் உண்டாகும். கயிற்றால் பின்னிய வலைப்பையில் 2 கிலோ உலர்புல்லை அடைத்து, குதிரையின் மார்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டால் புல் கீழே சிந்தாது, குதிரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். தாழக் கட்டினால் கால் சிக்கிக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. குதிரைகள் நிற்கும் இடத்தில் நாலடிக்கு ஒரு கொக்கி வைத்த இரும்புக் கம்பிவேலி போதும். செலவு அதிகமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகள் ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றும் பொதிக்கு வரம்பு 70 கிலோ. விடுமுறைக் கூட்டத்தில் இந்த மூன்றும் மீறப்படுகின்றன என்றால், அதற்குக் குதிரைக்காரரின் ஆசையை மட்டும் குறை சொல்ல முடியாது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஏரிச்சாலை வெறிச்சோடிக் கிடக்கும்போதும் குதிரைக்கு அதே 5 கிலோ தீவனம் வேண்டும். அந்த மாதங்களுக்கான பணத்தை இந்த மூன்று வாரத்தில் ஈட்டியாக வேண்டும் என்பதால், மதியம் ஒரு குதிரையை அவிழ்த்துவிட்டால் அந்தச் சவாரி அடுத்தவருக்குப் போய்விடுமே என்ற பயம் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து ஓய்வெடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எனவே முறை வைத்துக் கொடுங்கள். ஒற்றைப்படை எண் பட்டையுள்ள குதிரைகளுக்கு 12 முதல் 1.30 வரையும், இரட்டைப்படை எண்ணுக்கு 1.30 முதல் 3 வரையும் கட்டாய ஓய்வு என்று நகராட்சியே அறிவித்தால் சண்டையில்லாமல் நடக்கும். ஓய்வு என்றால் சேணத்தை இறக்கி, நிழலில், தீனிக்கு முன்னால் நிற்பது. சேணத்தோடு ஓரமாக நிற்பதை ஓய்வு என்று கணக்கெழுதக் கூடாது.

ஏறுகிறவரின் எடை அடுத்த சிக்கல். அப்பாவும் பிள்ளையும் ஒரே குதிரையில் ஏறிப் படமெடுக்க ஆசைப்படுவார்கள். “அதெல்லாம் தாங்கும்ங்க” என்று சொல்லிவிடுவது எளிது. சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக் கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வரம்பு. குதிரையை எடைமேடையில் ஏற்ற வழியில்லாவிட்டாலும் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனைவரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வந்துவிடும். நெஞ்சுச் சுற்று 145, நீளம் 140 என்றால் ஏறத்தாழ 248 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 50 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சேணம், விரிப்பு, அங்கவடி எல்லாம் 8 கிலோ போனால் ஏறுகிறவருக்கு மிஞ்சுவது 41 அல்லது 42 கிலோ. பள்ளிப் பிள்ளைகளுக்கான குதிரை அது. 80 கிலோ எடையுள்ள ஒருவரைச் சுமக்க 440 கிலோ எடையுள்ள குதிரை வேண்டும். அந்த அளவுக் குதிரைகள் ஏரிச்சாலையில் அபூர்வம்.

இதைக் குதிரைக்காரர் வாயால் சொல்லச் சொன்னால் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். நகராட்சியின் முத்திரையோடு சொன்னால் கேட்பார். நவம்பர் மாதத்திலேயே கால்நடை மருத்துவர் ஒவ்வொரு குதிரையையும் அளந்து, “இக்குதிரையில் ஒருவர் மட்டும், 42 கிலோ வரை” என்று சேணத்தின் பக்கவாட்டில் தைக்கக்கூடிய அட்டை ஒன்றைக் கொடுக்கட்டும். ஏறும் இடத்தில் ஓர் எடைக்கருவி இருக்கட்டும். இன்னொரு நல்ல வழியும் உண்டு. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. பாஸ் கொடுக்கும்போது நெகிழிக்குத் தடை என்று சொல்வதுபோல, குதிரைச் சவாரிக்கு எடை வரம்பு உண்டு, இருவராக ஏறக் கூடாது, கையிலிருக்கும் தின்பண்டத்தைக் குதிரைக்குக் கொடுக்கக் கூடாது என்ற மூன்று வரிகளையும் சேர்த்து அனுப்பலாம். மலையேறும் முன்பே தெரிந்திருந்தால் ஏரிக்கரையில் வாக்குவாதம் வராது. எந்த நாளுக்கு எத்தனை வண்டிகள் பதிவாகியிருக்கின்றன என்ற எண்ணிக்கையையும் குதிரை உரிமையாளர்களுக்கு முதல்நாள் மாலையே தெரிவித்தால், எத்தனை குதிரையைக் கொண்டுவருவது, எதை வீட்டில் விட்டு ஓய்வு கொடுப்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

தின்பண்டம் என்று சொன்னோம். பிஸ்கட், பன், சிப்ஸ், வறுகடலை, மிளகாய்ப்பொடி தடவிய மக்காச்சோளம் எல்லாம் ஒரு நாளில் ஐம்பது கைகளிலிருந்து போனால் குதிரையின் குடல் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேரட் நல்லதுதான். அதையும் மண் போகக் கழுவி, வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் கீறிக் கொடுக்க வேண்டும். வட்டத்துண்டு தொண்டையில் சரியாகப் பொருந்தி அடைத்துக்கொள்ளும். முட்டைக்கோசு இலையைக் கூடைகூடையாகக் கொட்டினால் வாயு கட்டும். இன்னும் ஆபத்தானது புல்வெட்டும் இயந்திரத்தில் வெட்டி விழுந்த புல். தங்கும் விடுதிகள் தோட்டத்தைச் சீராக்கிவிட்டு மூட்டையாகக் கொடுத்தனுப்பும். பொடியாக நறுங்கிய அந்தப் புல் மூட்டைக்குள்ளேயே புளித்துச் சூடாகிவிடும், அதைக் குதிரை மெல்லாமல் விழுங்கும். விடுதிகளுக்கு இதைத் தெரிவித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பெரிய உதவி.

புல் அறுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. மற்ற மாதங்களில் பகல் வெளிச்சத்தில் நிதானமாக நல்ல புல்லாகப் பார்த்து அறுப்பார்கள். விடுமுறை வாரங்களில் அந்த நேரத்தில் அவர்கள் சாலையில் குதிரையைப் பிடித்துக்கொண்டோ, சவாரிக் கணக்கு பார்த்துக்கொண்டோ நிற்க வேண்டியிருப்பதால், பொழுதுசாயும் நேரத்தில் கைக்கு அகப்பட்டதை அறுத்துக் கட்டுவார்கள். கட்டில் யூபடோரியம் களையும் பெரணியும் கலந்து வந்துவிடும். வெள்ளைப்பூ பூக்கும் அந்தக் களை இந்த மலையில் ஓடையோரமெல்லாம் மண்டிக்கிடக்கிறது. மாடு தின்றால் தப்பித்துக்கொள்ளலாம், குதிரை தப்பாது. வாரக்கணக்கில் தின்றால் நுரையீரல் தழும்பேறி, முதலில் வறட்டு இருமல், பிறகு ஏற்றத்தில் மூச்சுவாங்கல் என்று போய், ஒருநாள் சவாரியின் நடுவிலேயே விழுந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. பெரணி பி1 உயிர்ச்சத்தை அழித்து நடையைத் தள்ளாட வைக்கும். 2013இல் வனவுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு காட்டோரம் புல் அறுப்பதற்கு எல்லைகள் உண்டு, அதை மதிக்கிறோம். வனத்துறையோடு பேசி, களையில்லாத நகராட்சிப் புல்வெளிகளில் கையரிவாளால் அறுக்க எந்தெந்த இடம், எந்த நேரம் என்று எழுத்தில் கொடுத்தால் இருட்டில் ஓடி அறுக்கும் நிலை வராது.

கீழேயிருந்து வரும் சோளத்தட்டையும் வைக்கோலும் இன்னொரு கவலை. வத்தலகுண்டுச் சாலையும் பழனிச் சாலையும் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே நெரியத் தொடங்கிவிடும். தீவன லாரி அதில் மாட்டிக்கொண்டால் 24ஆம் தேதி தீர்ந்துபோன வீட்டில் 26ஆம் தேதி புதுத் தீவனம் வந்து சேரும். இரண்டு நாள் அரைவயிறாக இருந்துவிட்டு, பழக்கமில்லாத தீவனத்தை வயிறு முட்டத் தின்னும் குதிரைக்கு அன்றிரவே சூலை வரும். தீவனத்தை மாற்றுவதென்றால் பழையதோடு கலந்து ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மாற்ற வேண்டும். குதிரை ஒன்றுக்கு 25 நாளுக்கு 125 கிலோ உலர்தீவனம் என்று வைத்தால், மூன்று குதிரை வீட்டுக்கு 375 கிலோ. இதை டிசம்பர் 15க்குள் மேலே கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். அதற்குத் தீவன லாரிகளைக் காலை ஏழு மணிக்கு முன் நகருக்குள் அனுமதிக்கக் காவல்துறையிடம் கேட்கிறோம். சேமிக்க ஈரம் ஏறாத இடமும் தேவை. மண்தரையில் அடுக்கிய வைக்கோலின் அடிப்பாகம் இந்த ஊர் மூடுபனியில் பத்தே நாளில் பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து அரையடி உயரத்தில் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். அவ்வளவு இடம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. பயன்படாமல் கிடக்கும் பொதுக்கட்டடம் ஒன்றை இரண்டு மாதத்துக்கு வாடகைக்குக் கொடுங்கள்.

லாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி லாடம் மாற்றுவது முறை. தார்ச்சாலையில் நாள் முழுக்க நடந்தால் நாலு வாரத்திலேயே தேய்ந்துவிடும். தேய்ந்து வழவழப்பான இரும்பு, விடியற்காலையில் பனி படிந்த தார்மேல் வழுக்கும். குதிரையோடு பிள்ளையும் விழும். லாடம் அடிப்பவர்களோ ஊருக்கு ஓரிருவர். எல்லா வீட்டாரும் 22, 23 தேதிகளில் அவர்களைத் தேடினால் வேலை அவசர வேலையாகிறது. ஆணி ஒரு நூல் உள்ளே தள்ளி இறங்கினாலும் உயிர்ச்சதையைக் குத்தும், மூன்றாம் நாள் சீழ் வைக்கும். டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு நாள் லாட முகாம் நடத்தி, வெளியூரிலிருந்தும் அனுபவமுள்ள லாடக்காரர்களை அழைத்து வந்தால், கூட்டம் சேருவதற்குமுன் குதிரைகள் புது லாடத்தில் பழகிவிடும். வழுக்காமலிருக்கத் தலை பெருத்த, முனையில் கடின உலோகம் வைத்த ஆணிகளைக் குளம்புக்கு இரண்டாக அடித்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். உறைபனி நாட்களில் வெயில் ஏறி, சாலை காயும்வரை, அதாவது எட்டரை மணிவரை சவாரி கூடாது என்றே அறிவித்துவிடலாம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டார் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

லாட முகாமுக்கு முன்பே, நவம்பரில் மருத்துவ முகாம் ஒன்றை நடத்த வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் பார்ப்பது, கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு ரத்த மாதிரி எடுப்பது எல்லாம் அப்போதே முடிய வேண்டும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்வரை மாதிரி போய் முடிவு வரவேண்டியிருந்தால் நாளாகும். விடுமுறைக்காகச் சமவெளியிலிருந்து புதிதாகக் கொண்டுவரும் குதிரைகளுக்குப் பரிசோதனைச் சான்று இல்லாமல் ஏரிச்சாலையில் இடம் கொடுக்காதீர்கள். இது மனிதர்களுக்கும் பரவும் நோய் என்பதால் இதில் எந்தத் தயவும் வேண்டாம். அதே முகாமில் காப்பீட்டுக்கும் பதியுங்கள். தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் உரிமையாளர் கட்டவேண்டிய பிரீமியப் பங்கை 15 சதவீதமாகக் குறைக்க 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இது குதிரை வீடுகள் பலவற்றுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

விடுமுறை நாட்களில் இரவு எட்டு மணிக்குச் சூலை வந்தால் என்ன செய்வது? முன்னங்காலால் தரையைப் பறிப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்து உருளுவது, ஒரு நாளில் எட்டுப் பத்துமுறை போடும் லத்தி நின்றுபோவது என்று அறிகுறிகள் தெளிவாகவே தெரியும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40ஐச் சுற்றி இருக்க வேண்டியது 60ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. பதற்றத்தில் மூங்கில் குழாயால் வாயில் எண்ணெய் ஊற்றுவது இன்றும் நடக்கிறது. அப்படி ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால், சூலையில் பிழைத்த குதிரை நிமோனியாவில் போகும். மருத்துவர் மூக்கு வழியாக நீண்ட குழாயை இரைப்பைக்குள் செலுத்தித்தான் மருந்து கொடுக்க வேண்டும். எனவே டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரையிலும், பொங்கல் நான்கு நாளிலும், குதிரைக்கான அந்தக் குழாயும் வலிநீக்கி ஊசியும் கையில் உள்ள மருத்துவர் ஒருவர் கொடைக்கானலிலேயே இரவு தங்க ஏற்பாடு செய்யுங்கள். 1962 எண்ணுக்கு அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தி மலைச்சாலை நெரிசலில் கீழேயிருந்து ஏறி வருவதற்குள் குடல் முறுக்கிக்கொள்ளும்.

பிள்ளைகளைப் பற்றி. பள்ளி விடுமுறை என்பதால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அப்பாவுக்கு உதவியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை விடுமுறையில் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அது ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது. வீட்டில் தண்ணீர் காட்டுவது, முடி சீவுவது எல்லாம் உதவி. ஹாரன் அடிக்கும் பேருந்துகளுக்கு நடுவே, முன்பின் தெரியாத ஒருவரை ஏற்றிய குதிரையை ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடத்திப் போவது ஆபத்தான வேலை என்றே நாங்கள் கருதுகிறோம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடக்கும் பிள்ளையைக் குதிரை மிரண்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். தடை மட்டும் போட்டால் பிள்ளைகள் வீட்டில் தனியே இருப்பார்கள். அம்மா, அப்பா இருவரும் சாலையில்தானே நிற்கிறார்கள். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை திறந்து வைத்து, மதியச் சாப்பாடும் விளையாட்டும் ஏற்பாடு செய்தால் ஒரு பிள்ளைகூடச் சாலையில் நிற்காது. விடுமுறை என்பது அவர்களுக்கும் உரியது.

மாலை ஆறரைக்கு வீடு திரும்பியபின் இன்னும் இரண்டு மணி நேர வேலை இருக்கிறது. வந்தவுடன் சேணத்தைக் கழற்றி வீசக் கூடாது. முதலில் வாரைத் தளர்த்தி, பத்து நிமிடம் மெதுவாக நடத்தி, வேர்வை ஆறியபின் இறக்கி, உலர்ந்த சாக்கால் முதுகைத் தேய்க்க வேண்டும். ஈரமுடி ஒட்டிக்கிடந்தால் உடம்பின் சூடு தங்காது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கையை அழுத்தி நகர்த்தினால், புண்ணாகப் போகும் இடத்தில் குதிரை நெளியும். மறுநாள் அந்தக் குதிரைக்கு ஓய்வு. குளிர்கால முடி அடர்ந்து மெலிவை மறைக்கும் என்பதால் விலாவைக் கண்ணால் பார்த்தால் போதாது, தடவிப் பார்க்க வேண்டும். சேண விரிப்பு இரண்டாவது வேண்டும். ஒன்றே இருந்தால் காலையில் ஈரத்தோடு போட்டுப் புண்ணாகும். ஈரச்சாக்கைப் போர்த்துவதைவிடப் போர்த்தாமல் விடுவது மேல்.

குளிருக்குப் பயந்து லாயத்தைத் தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடிவிடுவதும் தவறு. மூத்திரத்தின் அமோனியா உள்ளேயே நின்று நுரையீரலை அரிக்கும். மேலே ஓரடி திறப்பு இருக்க வேண்டும், கீழே காற்று அடிக்காமல் இருந்தால் போதும். பல வீடுகளில் லாயத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். கணப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து குடும்பத்தோடு உயிர் போகும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் தெரியாது. டிசம்பர் தொடக்கத்தில் வீடுவீடாகப் போய் இதைச் சொல்ல சுகாதாரப் பணியாளர்களை அனுப்புங்கள்.

புத்தாண்டு இரவு வெடியைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. ஏரிச்சாலையிலும் லாயங்கள் உள்ள தெருக்களிலும் வெடி கூடாது, வேண்டுமானால் இதற்கென ஒதுக்கிய ஒரு திடலில் மட்டும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். நள்ளிரவு ஆராதனைக்குக் குடும்பமாகப் போக முடியாமல், மிரளும் குதிரையைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் தங்கிவிடுவது இதனால்தான்.

மாட்டுப் பொங்கலன்று குதிரைக்கும் பொட்டு வைத்து மாலை போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. குளிர்ந்த நீரில் குளிப்பாட்டாமல், உச்சிவெயிலில் வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். மாலையில் அரளி இருக்கவே கூடாது. பூக்கடைகளில் மலிவாகக் கிடைப்பது அதுதான். ஒரு கைப்பிடி இலை உள்ளே போனால் குதிரையின் இதயம் நின்றுவிடும். சர்க்கரைப் பொங்கலை ஒரு உருண்டைக்கு மேல் கொடுக்க வேண்டாம். சந்தையில் இதைச் சொல்லி ஒரு பலகை வைக்க முடிந்தால் நல்லது.

கடைசியாக லத்தி. 250 கிலோ குதிரை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ போடும். அது சாலையில் கிடப்பதால் எழும் புகார்கள் நியாயமானவை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு முறமும் மூடியுள்ள வாளியும் கட்டாயம் என்று வையுங்கள், நாங்கள் அள்ளுகிறோம். அள்ளியதைக் கொட்ட ஏரியிலிருந்து தள்ளி ஓர் இடம் மட்டும் கொடுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்து, மழைபடாமல் மூடி, வாரம் ஒருமுறை புரட்டினால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறிப் புழுமுட்டையும் களைவிதையும் செத்துவிடும். மலைப்பூண்டும் கேரட்டும் போடுகிற விவசாயிகள் அந்த எருவை வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பணம் தீவனச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை, தேதிதான் முக்கியம். மருத்துவ முகாமும் எடை அட்டையும் நவம்பர் முடிவதற்குள், லாட முகாம் டிசம்பர் முதல் வாரத்தில், தீவனத்தை மேலே கொண்டுவருவது 15ஆம் தேதிக்குள், குழாயும் கொக்கிக் கம்பியும் ஓய்வு முறையும் 20ஆம் தேதிக்குள் முடிவாகிவிட வேண்டும். 23ஆம் தேதி வரும் உத்தரவை, அது எவ்வளவு நல்ல உத்தரவாக இருந்தாலும், அந்த வீடுகளால் நிறைவேற்ற முடியாது. நவம்பர் முதல் வாரத்தில் உங்கள் நான்கு துறைகளும் குதிரை உரிமையாளர்களும் சேர்ந்து உட்காரும் ஒரு கூட்டத்தை அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். குதிரையைக் கவனிப்பதில் பாதி வேலை பெண்களுடையது என்பதால், கூட்டத்தை அவர்களும் வரக்கூடிய நேரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
கொடைக்கானல் ஏரிச்சாலையில் குதிரை வளர்ப்போரும், அவற்றின் குளம்பையும் உடம்பையும் கவனிப்போரும்